சொந்த ஃபைல் வகைக்கு ஐகானும் தம்ப்நெயிலும் வரவைப்பது எப்படி: கொடைக்கானல் செடிப் பதிவுக் குழுவுக்கு ஒரு விரிவான பதில்

கொடைக்கானலில் சோலைக்காட்டுச் செடிகளைப் பதிவு செய்துவரும் ஒரு சிறு குழுவிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. அவர்களே பைத்தானில் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு செடிக்கு ஒரு ஃபைல். நாலைந்து படம், இடம், உயரம், குறிப்பு எல்லாம் ஒரே ஜிப்புக்குள் போகிறது. அந்த ஃபைலுக்கு ‘சோலை’ என்று சொந்தமாக ஒரு நீட்டிப்பு (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) வைத்திருக்கிறார்கள், ஆங்கில எழுத்தில். ஃபோல்டரைத் திறந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் வரிசையாகத் தெரிகிறது. ‘எங்கள் ஐகான் வர வேண்டும், முடிந்தால் உள்ளே இருக்கிற பூவே தெரிய வேண்டும். விண்டோஸ், உபுண்டு, ஒரு மேக்புக் மூன்றும் இருக்கின்றன. அப்புறம், நீட்டிப்பையே தமிழ் எழுத்தில் மாற்றிவிடலாமா?’ இதுதான் கேள்வி.

இதில் மூன்று தனித்தனி வேலைகள் கலந்திருக்கின்றன. ஐகான் என்பது ஃபைலின் வகையைச் சொல்வது. ஆயிரம் ஃபைல் இருந்தாலும் ஒரே படம். தம்ப்நெயில் அந்த ஒரு ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவது. மூன்றாவது, பக்கத்துப் பலகையில் பெரிதாக விரியும் ப்ரிவ்யூ. மூன்றுக்கும் வழி வேறு, உழைப்பும் வேறு. ஐகான் ஒரு மாலை வேலை. தம்ப்நெயில் விண்டோஸில் உங்களை நன்றாகவே வேலை வாங்கும். ப்ரிவ்யூ பலகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இருமுறை சொடுக்கினால் உங்கள் நிரலே திறக்கப்போகிறது.

உங்களுக்கு உண்மையில் உதவப்போவது தம்ப்நெயில்தான் என்று நினைக்கிறேன். 2018-ல் எடுத்த நீலக்குறிஞ்சிப் படங்களும் அதற்குப் பிறகு எடுத்த மற்றக் குறிஞ்சி வகைகளும் ஒரே ஃபோல்டரில் எண்களாகக் கிடந்தால், அழகான ஐகான் ஒன்றை எல்லாவற்றுக்கும் ஒட்டுவதால் எது எது என்று தெரிந்துவிடாது. நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல்தான் பூக்கும். அதுவரை அந்தப் படங்களைத் தேடி எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

முதலில் உங்கள் நிரலில் ஒரு மாற்றம் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் இதுதான் சுலபமாக்கும். ஃபைலைச் சேமிக்கும்போதே, முக்கியமான படத்தைச் சிறிதாக்கி, நீளப் பக்கம் 512 பிக்சல் இருக்கும்படி ஒரு பிஎன்ஜி செய்து, ஜிப்புக்குள் எப்போதும் ஒரே பெயரில் வைத்துவிடுங்கள். லிப்ரேஆபீஸின் ஓபன்டாக்குமென்ட் ஃபைல் இப்படித்தான் செய்கிறது. அதன் நீட்டிப்பை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், ‘தம்ப்நெயில்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் முதல் பக்கத்தின் படம் தயாராக இருக்கும். ஓவிய நிரல் கிரிட்டாவும் முப்பரிமாண நிரல் பிளெண்டரும் இதே மாதிரி சேமிக்கும்போதே ஒரு சிறு படத்தை உள்ளே போட்டுவிடுகின்றன. எந்தப் படம் முக்கியம், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் நிரலுக்குத்தான் தெரியும். அந்த அறிவை மூன்று இயங்குதளங்களுக்காக மூன்று தடவை எழுதுவது வீண். தம்ப்நெயில் காட்டும் துண்டுநிரலுக்கு ஒரே வேலைதான் மிஞ்ச வேண்டும்: ஜிப்பைத் திற, அந்த ஒரு பிஎன்ஜியை எடு, கொடு.

கூடவே இன்னொன்று. ஜிப்பின் முதல் உருப்படியாக ‘மைம்டைப்’ என்ற பெயரில் ஒரு சிறு ஃபைல் வையுங்கள், சுருக்காமல். அதற்குள் உங்கள் வகையின் பெயர் மட்டும். ஜிப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் 30 பைட் தலைப்பு, அதற்குப் பின் பெயர். ‘மைம்டைப்’ ஆங்கிலத்தில் 8 எழுத்து. ஆக, கூடுதல் தகவல் எதுவும் சேர்க்காமல் இருந்தால், பூச்சியத்திலிருந்து எண்ணினால் ஃபைலின் 38-ஆவது பைட்டிலிருந்து உங்கள் வகையின் பெயர் வெளிப்படையாகத் தெரியும். ஓபன்டாக்குமென்ட்டும் மின்னூல்களின் இபப்பும் இதே உத்தியைத்தான் வைத்திருக்கின்றன. யாராவது அனுப்பும்போது நீட்டிப்பு தொலைந்துபோனாலும் லினக்ஸ் உள்ளே பார்த்து அடையாளம் கண்டுவிடும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, அதற்கு நீட்டிப்புதான் எல்லாம்.

இனி ஒவ்வொன்றாக. கட்டளைகளையும் சாவிப் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் எல்லாம் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில். ‘ஹெச்கீ கிளாசஸ் ரூட்’ என்று ஒன்று தெரியும். அது தனி இடம் இல்லை. முழுக் கணினிக்கான ‘லோக்கல் மெஷின்’ பகுதியையும், இப்போது உள்நுழைந்திருப்பவருக்கான ‘கரண்ட் யூசர்’ பகுதியையும் சேர்த்துக் காட்டும் ஒரு பார்வை மட்டுமே. கல்லூரி லேபில் அட்மின் கடவுச்சொல் கிடைக்காது என்றால் ‘கரண்ட் யூசர்’, ‘சாஃப்ட்வேர்’, ‘கிளாசஸ்’ என்ற பாதையில் எழுதுங்கள். அனுமதி கேட்காது.

அங்கே இரண்டு சாவிகள் (ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் மாதிரி இருப்பவை) வேண்டும். ஒன்று, புள்ளியோடு சேர்த்து உங்கள் நீட்டிப்பு. அதன் இயல்பு மதிப்பாக இன்னொரு பெயர் மட்டும் இருக்கும், அதுதான் ‘ப்ராக்ஐடி’. இரண்டாவது, அந்தப் பெயரிலேயே ஒரு சாவி. ‘டீஃபால்ட்ஐகான்’, ‘ஷெல்’, ‘ஓபன்’, ‘கமாண்ட்’ எல்லாம் இதன் கீழேதான் வர வேண்டும். ஐகானை நேராக நீட்டிப்புச் சாவியின் கீழ் வைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. கமாண்டில் நிரலின் முழுப் பாதை, அப்புறம் மேற்கோள்குறிக்குள் சதவீதக் குறியும் 1-ம். அந்த மேற்கோள்குறி விட்டுப்போனால் ‘பாம்பார் சோலை’ மாதிரி இடைவெளி உள்ள பெயர் வந்ததும் உங்கள் நிரலுக்குப் ‘பாம்பார்’ மட்டும்தான் போய்ச் சேரும்.

எழுதி முடித்ததும், விண்டோஸில் ஃபோல்டர்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ‘எஸ்ஹெச் சேஞ்ச் நோட்டிஃபை’ என்ற அழைப்பு அதற்கென்றே இருக்கிறது. இன்னோ செட்டப்பில் நிறுவல் ஃபைல் செய்கிறீர்கள் என்றால் ‘சேஞ்சஸ் அசோசியேஷன்ஸ்’ என்பதை ‘எஸ்’ ஆக்கினால் போதும், அதுவே சொல்லிவிடும். நிறுவல் ஃபைலாகவே கொடுத்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் நெட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பென்டிரைவில் போகிற ஒரே ஃபைல்தான் வசதி.

இத்தனையும் சரியாகச் செய்தும் பழைய ஐகானே அடம்பிடித்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு நாள் ‘ஓபன் வித்’ போய் 7-ஜிப்பைத் தேர்ந்து ‘எப்போதும்’ என்று சொல்லியிருப்பார். அது ‘யூசர்சாய்ஸ்’ என்ற வேறொரு சாவியில் போய் உட்கார்ந்து உங்கள் பதிவை மீறிவிடும். விண்டோஸ் 8-லிருந்து அதற்கு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் உண்டு, அதனால் நிரல் வழியாக மாற்ற முயலாதீர்கள். அந்தக் கணினியில் அதே ‘ஓபன் வித்’ போய் உங்கள் நிரலைக் கையால் தேர்ந்துவிடுங்கள், தீர்ந்தது.

ஐகான் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸின் ஐகான் வடிவமான ஐசிஓ ஃபைலுக்குள் 16, 32, 48, 256 அளவுகளாவது வையுங்கள். பெரிய படத்தைச் சுருக்கி 16 ஆக்காதீர்கள். குறிஞ்சிக் கொத்து 16 பிக்சலில் ஊதா நிறக் கறையாகத்தான் தெரியும். சின்ன அளவுக்குத் தனியாக ஒரே ஒரு இதழோ இலையோ வரையுங்கள். ஃபோல்டர் மாதிரியோ, படஃபைல் மாதிரியோ தோன்றுகிற ஐகானும் வேண்டாம். விண்டோஸ் இயல்பாகவே தெரிந்த நீட்டிப்புகளை மறைத்து வைக்கிறது. 2000-இல் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் காட்டி ஏமாற்றியதற்கு இந்த மறைப்புதான் துணைபோனது. அதனால் ஐகானை நம்பித்தான் மக்கள் சொடுக்குகிறார்கள்.

இப்போது விண்டோஸ் தம்ப்நெயில். விஸ்டாவிலிருந்து இதற்கென்று ‘ஐ தம்ப்நெயில் ப்ரொவைடர்’ என்ற இடைமுகம் இருக்கிறது. அதை நிறைவேற்றும் ஒரு டிஎல்எல் (மற்ற நிரல்கள் தமக்குள் ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பைத்தானில் எழுத ஆசைப்படாதீர்கள். அந்த டிஎல்எல்லை விண்டோஸே தன் செயல்முறைக்குள் ஏற்றிக்கொள்ளும், அங்கே ஒரு முழு பைத்தானை இழுத்துவிடுவது நல்லதல்ல. சி++ அல்லது ரஸ்ட். நீங்கள் தொடங்க நல்ல இடம் மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டிருக்கும் ‘ரெசிபி தம்ப்நெயில் ப்ரொவைடர்’ என்ற மாதிரி நிரல். சமையல் குறிப்பு ஃபைலுக்குள் பொதிந்திருக்கும் படத்தை எடுத்துக் காட்டும் அது. குறிப்பை நீக்கிவிட்டுச் செடியை வைத்தால் கிட்டத்தட்ட உங்கள் கதைதான். எக்ஸ்எம்எல் படிக்கும் பகுதியை எடுத்துவிட்டு ஜிப் படிக்கும் பகுதியைப் போடுங்கள்.

அதில் கவனிக்க வேண்டியவை: ஃபைலின் பாதையை வாங்காமல், உள்ளடக்கத்தை மட்டும் ‘ஸ்ட்ரீம்’ வழியாக வாங்கும் முறையையே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் விண்டோஸ் உங்கள் டிஎல்எல்லைத் தனிச் செயல்முறையில் ஓட்டும், அது விழுந்தாலும் எக்ஸ்ப்ளோரர் விழாது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் டிஎல்எல் கொடுத்தால் பிழைச்செய்திகூட வராது, சும்மா இருந்துவிடும். இதில்தான் பலருக்கு நேரம் போகிறது. தம்ப்நெயிலின் மூலையில் நிரலின் ஐகான் சின்னதாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. வேண்டாமென்றால் ‘டைப்ஓவர்லே’ என்ற மதிப்பைக் காலியாக வைத்தால் போய்விடும். உங்கள் விஷயத்தில் அது இருப்பதே நல்லது, ஜேபெக் படத்தோடு குழம்பாது.

டிஎல்எல் எழுத ஆளே இல்லை என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஜிப்பின் அட்டவணை ஃபைலின் கடைசியில் இருக்கிறது, ஜேபெக்கின் தலைப்பு தொடக்கத்தில். அதனால் முன்னால் ஒரு ஜேபெக்கை வைத்துப் பின்னால் ஜிப்பை ஒட்டினால் ஒரே ஃபைல் இரண்டாகவும் படிக்கப்படும். பைத்தானின் ஜிப் நூலகம் இதைத் தாங்கும். விண்டோஸ் தானே வைத்திருக்கும் படத் தம்ப்நெயில் காட்டியை ஜேபெக் சாவியிலிருந்து பார்த்து உங்கள் நீட்டிப்புக்கும் எழுதிக்கொடுத்துவிடலாம். வேலை செய்யும். ஆனால் நான் செய்ய மாட்டேன். மேலே சொன்ன 38-ஆவது பைட் உத்தி இதோடு போய்விடும். பல வருஷம் பாதுகாக்க வேண்டிய பதிவை இப்படி ஒட்டுப்போட்ட ஃபைலில் வைப்பதும் மனசுக்கு ஒப்பவில்லை.

எல்லாம் செய்தும் லேபில் மட்டும் வரவில்லையா? பழைய கணினிகளை வேகமாக்குகிறேன் என்று ‘பெஸ்ட் பர்ஃபார்மன்ஸ்’ போட்டு வைத்திருப்பார்கள். அது தம்ப்நெயிலையே அணைத்துவிடும். உங்கள் நிரலைச் சந்தேகிக்கும் முன் அங்கே சாதாரண ஜேபெக் படம் ஒன்று தம்ப்நெயிலாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உபுண்டுவில் இதே வேலை பாதிகூட இல்லை, பைத்தானும் போதும். வகையை அறிவிக்க ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்: வகையின் பெயர் (‘அப்ளிகேஷன்/எக்ஸ்-சோலை’ என்று வைத்துக்கொள்வோம்), நீட்டிப்பு, 38-ஆவது பைட் அடையாளம், ‘இது ஜிப்பின் உட்பிரிவு’ என்ற குறிப்பு. கடைசிக் குறிப்பு இருந்தால், உங்கள் நிரல் இல்லாத கணினியிலும் ஆர்க்கைவ் மேனேஜரில் திறக்கலாம். இதைப் பயனரின் ‘லோக்கல், ஷேர், மைம், பேக்கேஜஸ்’ ஃபோல்டரில் போட்டு ‘அப்டேட்-மைம்-டேட்டாபேஸ்’ ஓட்டுங்கள். ஐகானுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்ன விதி: வகைப் பெயரில் உள்ள சாய்கோட்டை இடைக்கோடாக மாற்ற வேண்டும். அந்தப் பெயரில் ‘ஹைகலர்’ தீமின் ‘மைம்டைப்ஸ்’ ஃபோல்டரில் வைத்தால் ஐகான் வந்துவிடும். நிரலோடு இணைக்க, நிரலை மெனுவில் காட்டும் டெஸ்க்டாப் ஃபைலில் ‘மைம்டைப்’ என்ற வரி.

தம்ப்நெயிலுக்கு ‘.தம்ப்நெயிலர்’ என்று முடியும் நாலு வரி ஃபைல் ஒன்று. எந்த வகைக்கு, எந்தக் கட்டளை என்று மட்டும் சொல்லும். கட்டளைக்கு உள்ளே வரும் ஃபைல், வெளியே எழுத வேண்டிய இடம், அளவு மூன்றும் தரப்படும். உங்கள் துண்டுநிரல் அந்த பிஎன்ஜியை எடுத்து அளவுக்குக் குறைத்து எழுதிவிட வேண்டும். இருபது வரி பைத்தான்.

முனையத்தில் ஓட்டினால் அருமையாக வேலை செய்யும், உபுண்டுவில் ஃபோல்டர்களைக் காட்டும் ‘ஃபைல்ஸ்’ நிரலில் மட்டும் வராது. இங்கேதான் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். உபுண்டுவின் திரைச்சூழலான க்னோம், தம்ப்நெயில் நிரல்களை ஒரு அடைப்புக்குள் வைத்து ஓட்டுகிறது, உள்ளிருந்து பார்த்தால் உங்கள் ஹோம் ஃபோல்டர் கிடையாது. அதனால் துண்டுநிரலை ஹோமில் வைக்காமல் ‘யூஎஸ்ஆர், லோக்கல், பின்’ பாதையில் வையுங்கள். படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தையும் பைத்தானின் பிப் வழியாகப் பயனர் கணக்கில் நிறுவாமல் உபுண்டுவின் ஏபிடி வழியாக நிறுவுங்கள், இல்லையென்றால் உள்ளே அதுவும் தெரியாது. ஃபைலின் பெயரை நம்பியும் எதுவும் எழுதாதீர்கள், உள்ளே அது வேறு பெயரில்தான் வரும்.

ஒரு முறை தோற்ற ஃபைலை அது மறுபடி முயலாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பயனரின் ‘கேஷ், தம்ப்நெயில்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபெயில்’ என்று ஒன்று இருக்கும், தோல்விகள் அங்கே குறிக்கப்படும். நிரலைத் திருத்திய பிறகு அதைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள். க்னோமுக்குப் பதில் கேடிஇ என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துகிறவர் யாராவது குழுவில் இருந்தால் அங்கே வழி வேறு, அவருக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அடைப்பு எதற்கு என்று எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, பென்டிரைவில் இருந்த ஷார்ட்கட்டின் ஐகானைக் காட்ட விண்டோஸ் முயன்றபோதே உள்ளே புகுந்தது, யாரும் எதையும் சொடுக்கவே இல்லை. 2017-ல் லினக்ஸிலும் ஒன்று: விண்டோஸ் நிறுவல் ஃபைல்களுக்குத் தம்ப்நெயில் காட்டும் ஒரு சிறு துணைநிரல், ஃபைலின் பெயரை அப்படியே ஸ்கிரிப்டுக்குள் சேர்த்துக்கொண்டது. பெயருக்குள்ளேயே நிரல்வரி எழுதி வைத்தால், ஃபோல்டரைத் திறந்த மாத்திரத்தில் அது ஓடியது. மலையில் நெட்டை நம்ப முடியாமல் எல்லாம் பென்டிரைவில் கைமாறுகிற இடத்தில் இது கற்பனை பயம் இல்லை. ஆகவே உங்கள் துண்டுநிரலில் ஷெல் கட்டளை எதையும் அழைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிஎன்ஜி பல எம்பி இருந்தால் திறக்காமலே விட்டுவிடுங்கள்.

உங்கள் வேலைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. அபூர்வமான ஆர்க்கிட் இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் செடி அங்கே இருக்காது, இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம்ப்நெயில் படத்தைச் செய்யும்போது மூலப் படத்துக்குள் கேமரா பதிந்து வைக்கும் எக்ஸிஃப் தகவலை, குறிப்பாக ஜிபிஎஸ்ஸை, முழுக்க நீக்கிவிடுங்கள். ஊர்ப்பெயரையோ உயரத்தையோ படத்தின் மேல் எழுதி அழகு பார்க்க வேண்டாம். ஃபைலை அழித்தாலும் பென்டிரைவைப் பிடுங்கினாலும் தம்ப்நெயில் அந்தக் கணினியின் கேஷில் தங்கிவிடும். பொது லேபில் அது யார் கண்ணிலும் படலாம்.

மேக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், உங்களிடம் ஒன்றுதானே இருக்கிறது. அங்கே வெறும் பைத்தான் ஸ்கிரிப்டோடு எந்த வகையையும் இணைக்க முடியாது, ‘.ஆப்’ பொதியாகக் கட்டியாக வேண்டும். அதன் ‘இன்ஃபோ பிலிஸ்ட்’டில் உங்கள் வகையை ‘எக்ஸ்போர்ட்டட்’ என்று அறிவியுங்கள். வகையின் சொந்தக்காரர் நீங்கள் என்பதால் எக்ஸ்போர்ட்டட், மற்றவர் வகையாக இருந்தால்தான் இம்போர்ட்டட். பொதியை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் நகர்த்தி ஒரு முறை திறந்தால் ஐகான் பிடித்துக்கொள்ளும். முறையான தம்ப்நெயிலுக்கு எக்ஸ்கோடில் ஸ்விஃப்ட் கொண்டு மேக்கின் முன்னோட்ட வசதியான குயிக்லுக்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுத வேண்டும். பழைய ‘க்யூஎல் ஜெனரேட்டர்’ முறையைச் சொல்லித்தரும் கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன, அவற்றைத் தொடாதீர்கள். மேக்கின் சிகோயா பதிப்பு வந்ததோடு அதற்கு ஆதரவு போய்விட்டது. ஒரே மேக்குக்காக ஸ்விஃப்ட் கற்க விருப்பமில்லை என்றால், சேமிக்கும்போதே அந்தத் தனி ஃபைலுக்கு மட்டும் படத்தை ஐகானாக ஒட்டும் வசதி மேக்கில் இருக்கிறது, ‘என்எஸ் ஒர்க்ஸ்பேஸ்’ வழியாக. விண்டோஸுக்குப் போய்த் திரும்பி வந்தால் அது உதிர்ந்துவிடும். அந்த ஒரு கணினிக்கு இவ்வளவு போதும் என்பது என் எண்ணம்.

கடைசிக் கேள்வி: தமிழ் எழுத்தில் நீட்டிப்பு. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் யூனிகோடு ஃபைல் பெயர்களை ஏற்கின்றன, தடை ஏதும் கிடையாது. ஆனாலும் இந்தக் குறிப்பிட்ட சொல்லோடு வேண்டாம். ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு ஃபைல் பெயரைப் பிரித்து இரண்டாகவே சேமிக்கும். அங்கே போய்வந்த ஃபைலை உபுண்டுவில் திறந்தால், ஒன்றாக எழுதிய விதியோடு அது பொருந்தாது. கண்ணுக்கு ஒரே ‘.சோலை’ இரண்டு இருக்கும், ஒன்றுக்கு ஐகான் வரும், இன்னொன்றுக்கு வெள்ளைத் தாள். தமிழில்தான் வேண்டும் என்றால் ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகள் வராத சொல்லாக எடுங்கள். ‘செடி’ என்று வைத்தால் இந்தச் சிக்கல் வராது. இல்லையென்றால் நீட்டிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், வகையின் விளக்கப் பெயரைத் தமிழில் எழுதுங்கள். விண்டோஸில் ப்ராக்ஐடி சாவியின் இயல்பு மதிப்பிலும், லினக்ஸில் எக்ஸ்எம்எல்லின் ‘காமென்ட்’ வரியிலும் ‘சோலைச் செடிப் பதிவு’ என்று போட்டால், ஃபோல்டரின் ‘டைப்’ பத்தியில் அப்படியே தெரியும்.